வயல் காவலுக்கு அசைவுணர் கருவி

உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும், மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்திலும் உங்களில் பலர் இரவில் வீட்டில் படுப்பதில்லை என்பதை நான் அறிவேன். பரண் கட்டிப் பார்க்கிறீர்கள். தகர டப்பாவைத் தட்டுகிறீர்கள். பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுகிறீர்கள். டார்ச் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருந்துவிட்டு, மூன்று மணிக்குச் சற்றே கண் அயர்ந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் காட்டுப் பன்றிக் கூட்டம் வந்து கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போய்விடுகிறது. காலையில் அந்த வயலைப் பார்க்கிறவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இந்தக் காவல் வேலையில் ஒரு சிறு பங்கைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கருவியைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். பள்ளி, கல்லூரி மாணவர்கள் பொழுதுபோக்காகச் செய்து பார்க்கிற எலெக்ட்ரானிக் வேலைகளுக்கென்று கடைகளில் விற்கப்படும் அசைவுணர் மாட்யூல் இது. அளவில் தீப்பெட்டியைவிடச் சிறியது. சென்னை ரிச்சி தெருவிலும், பெரிய ஊர்களில் உள்ள எலெக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகளிலும் நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது. கடைக்காரரிடம் 'பி.ஐ.ஆர். சென்சார்' என்று கேட்டால் எடுத்துத் தருவார். அவற்றில் பெரிதும் புழங்குவது எச்.சி.-எஸ்.ஆர். 501 என்ற வகை. இதோ என் கையில் இருப்பது அதுதான். பச்சைத் தட்டின் மேல் வெள்ளையாக, பாதிக் கோலிக்குண்டு போல ஒரு மூடி தெரிகிறது அல்லவா? அந்த மூடிக்கு அடியில்தான் கண் இருக்கிறது.

இது எப்படிப் பார்க்கிறது?

உயிருள்ள எந்த உடலும் வெப்பத்தைக் கதிராக வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அடுப்புக்கு எதிரில் நின்றால் முகத்தில் சூடு உறைக்கிறதே, அதே வகைக் கதிர்தான்; உடலிலிருந்து வருவது மிகவும் மெல்லியது, நம் கண்ணுக்குத் தெரியாது. சிலவகைப் படிகங்களுக்கு, தம் மேல் விழும் வெப்பம் மாறினால் மின்னேற்றம் பெறும் குணம் உண்டு. இந்தக் குணம் வெளியுலகுக்குத் தெரிந்த கதை நமக்கு அடுத்த நாட்டோடு தொடர்புடையது. 1700-களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்ற கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து வந்ததுதான். சூடேறிய அந்தக் கல் அடுப்புச் சாம்பலைத் தன்பால் இழுத்ததைக் கண்டு, அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சாம்பல் இழுப்பானின் பேரப்பிள்ளை என்று இந்தக் கருவியைச் சொல்லலாம்.

கருவிக்குள்ளே இப்படிப்பட்ட உணர்வுத் துண்டுகள் இரண்டு அருகருகே உள்ளன. இரண்டின் மேலும் ஒரே அளவு வெப்பம் விழுந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கருவி வாய் திறக்காது. ஒரு பன்றி குறுக்கே நடக்கும்போது அதன் வெப்பம் முதலில் ஒரு துண்டின் மேலும், பிறகு மற்றதன் மேலும் விழுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் கருவி 'அசைவு' என்று எடுத்துக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் விலங்கை இது காணாது. நேராக எதிரே நடந்து வருவதையும் தாமதமாகத்தான் காணும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடுகிற இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும்.

மேலே உள்ள வெள்ளை மூடி வெறும் மூடியன்று. அது ஒரு வில்லை. 1820-களில் பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் பிரெனல் கலங்கரை விளக்கத்துக்கென அமைத்த படிக்கட்டு வில்லையின் வழிவந்தது. பாலித்தீன் இனப் பிளாஸ்டிக்கால் செய்திருக்கிறார்கள், ஏனெனில் அந்தப் பொருள் உடல் வெப்பக் கதிரை ஊடே விடும். கண்ணாடி விடாது. மழைக்குப் பாதுகாப்பு என்று இதன் முன்னே கண்ணாடித் துண்டை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி வழியே நமக்கு வயல் நன்றாகத் தெரியும், கருவிக்கோ சுவர் எழுப்பியது போலாகிவிடும்.

பாட்டரி எத்தனை நாள் வரும்?

வயலில் மின் இணைப்பு மோட்டார் கொட்டகையோடு நின்றுவிடும். காவல் வேண்டியதோ கடைசி வரப்பில். ஆகவே கருவி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதே முதற்கேள்வி.

இந்த மாட்யூல் கதிர் எதையும் வெளியே அனுப்புவதில்லை, வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அதனால் சும்மா காத்திருக்கும்போது இது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 65 மைக்ரோ ஆம்பியர்தான். ஒரு மில்லி ஆம்பியரில் பதினைந்தில் ஒரு பங்கு. டார்ச் விளக்குக்குப் போடுகிற சிறிய பாட்டரிக் கட்டை நான்கைத் தொடராக வைத்தால் 6 வோல்ட்டு கிடைக்கும். கொள்ளளவு 2,000 மில்லி ஆம்பியர் மணி என்று கொண்டால், கணக்குப்படி மூன்றரை ஆண்டுகள் காத்திருக்கும். அதற்கு முன்பே பாட்டரி தானாகவே வயதாகிக் கெட்டுவிடும் என்பது வேறு.

இதனோடு ஒப்பிட, ஆர்.சி.டபிள்யூ.எல். 0516 என்று வேறொரு மாட்யூல் இருக்கிறது. விலையும் குறைவு. அது நுண்ணலையை வெளியே அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு அசைவை அறிகிறது. ஓயாமல் அலை வீச வேண்டியிருப்பதால் 3 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். அதே நான்கு கட்டைகள் ஒரு மாதம்தான் தாங்கும். காற்றில் ஆடுகிற இலையையும், பெய்கிற மழையையும்கூட அது அசைவாக எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் சரி, வயலுக்கு அது வேண்டாம்.

உங்களில் பலரிடம் பாட்டரியால் இயங்கும் முதுகுத் தெளிப்பான் இருக்கும். அதில் உள்ள 12 வோல்ட்டு, 8 ஆம்பியர் மணி ஈய அமிலப் பாட்டரி இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. 501 வகை மாட்யூல் 5 முதல் 20 வோல்ட்டு வரை தாங்குமாதலால் நேரே இணைக்கலாம். இந்தப் பாட்டரி சும்மா கிடந்தாலே மாதத்துக்கு நூற்றுக்கு 3 பங்கு அளவில் தானாக இறங்கும். அதாவது 240 மில்லி ஆம்பியர் மணி. மாட்யூல் மாதம் முழுவதும் குடிப்பது 47. பாட்டரி தன் சோம்பலால் இழப்பது, கருவிக்குக் கொடுப்பதைப்போல் ஐந்து மடங்கு! ஏ.எம். 312 என்ற இன்னும் சிறிய வகையை மட்டும் இந்தப் பாட்டரியில் மாட்டிவிடாதீர்கள். அதன் உச்ச வரம்பே 12 வோல்ட்டு. முழுதாக ஏற்றிய பாட்டரி அதைத் தாண்டி நிற்கும்.

நான் செய்த பிழைகள்

இவ்வளவு சிக்கனமான கருவியை வைத்துக்கொண்டு முதல் இரவே நான் ஏமாந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நீங்களும் அதே குழியில் விழுவீர்கள்.

என் உறவினர் ஒருவரின் ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு இதைப் பொருத்தினேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் ஆர்டுயினோ தட்டு ஒன்றையும், 9 வோல்ட்டு பெட்டிப் பாட்டரி ஒன்றையும் கொண்டுவந்து, 'மாமா, புரோகிராம் எழுதிவிட்டேன்' என்றான். மாலை ஆறு மணிக்கு மாட்டினோம். இரவு இரண்டு மணிக்குப் பேச்சு மூச்சில்லை. சென்சார் குடித்தது சொட்டு. ஆனால் அந்தத் தட்டு, சும்மா இருக்கும்போதே 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டிப் பாட்டரியின் கொள்ளளவோ 500 மில்லி ஆம்பியர் மணி அளவு. சிக்கனக்கார மாப்பிள்ளைக்கு ஊதாரிக் கூட்டாளி வாய்த்த கதை. குறைந்த மின்சாரக் கருவி என்று வாங்கினால் போதாது, அதனோடு சேர்த்துக் கட்டுகிற ஒவ்வொன்றும் என்ன குடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் அந்தத் தட்டைக் கழற்றிவிட்டோம். ஒரு விளக்கும் ஒரு மணியும் போடுவதற்கு மூளையுள்ள தட்டு எதற்கு? பி.சி. 547 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 12 வோல்ட்டு ரிலே ஒன்று, 1 என் 4007 டயோடு ஒன்று, இவை போதுமானவை. மாட்யூலின் நடுக்காலிலிருந்து வருவது 3.3 வோல்ட்டுதான். அதைக் கொண்டு ரிலேயை நேரே இயக்க முடியாது. அந்தக் காலை மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் பேஸில் கொடுத்து, எமிட்டரைப் பாட்டரியின் எதிர்முனையிலும், கலெக்டரை ரிலே சுருளின் ஒரு முனையிலும் இணைக்க வேண்டும். சுருளின் மறுமுனை பாட்டரியின் நேர்முனைக்கு. டயோடைச் சுருளின் குறுக்கே, வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்குமாறு வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ரிலே விடுபடும்போதெல்லாம் எழும் மின் உதைப்பில் டிரான்சிஸ்டர் ஒரு நாள் போய்விடும். பாட்டரிக் கம்பியில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அவசியம். ரேடியோ பழுது பார்க்கிறவர் யாராயினும் அரை மணியில் இதைப் பற்றவைத்துத் தந்துவிடுவார்.

ரிலேயில் 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றும், 300 அடி மெல்லிய கம்பி இழுத்துக் குடிசையில் ஒரு பஸ்ஸரும் கொடுத்தோம். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், இரவில் இருபது தடவை எரிந்தாலும் விளக்குக்குச் செலவாவது கால் ஆம்பியர் மணிக்குச் சற்று மேல்தான்.

இரண்டாம் பிழை, நின்ற திசை. மேற்கு நோக்கி வைத்துவிட்டேன். மாலை வெயில் நேரே கண்ணில் விழ, பன்றி இல்லாமலே மணி அடித்தது. போதாக்குறைக்கு எதிரே ஒரு வாழைக்கன்று. வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆட ஆட அதற்கும் மணி. காவலுக்கு இருந்த பெரியவர் மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "என்னங்க இது, பன்னிக்கும் கத்துது, காத்துக்கும் கத்துது. பன்னி எது காத்து எதுன்னு நாந்தான் எந்திரிச்சுப் பாக்கணுமுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் இருந்த உண்மை அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

வடக்கு அல்லது தெற்கு நோக்கித் திருப்பி, முன்னே பத்தடிக்குச் செடி கொடிகளை அகற்றியதும் வீண் மணி பெரிதும் குறைந்தது. விளக்கைக் கருவியின் பார்வையில் படாமல் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். இல்லையேல் விளக்கு எரிவதும் அணைவதுமே கருவியைத் தூண்டி, மணி ஓயாது.

நடுகிற முறை

இந்த மாட்யூலின் பார்வை 7 மீட்டர், அதாவது 23 அடி. ஒரு ஏக்கர் சதுர வயலின் சுற்றளவு 835 அடி. வரப்பு முழுவதும் நிறுத்தினால் முப்பதுக்கு மேல் தேவைப்படும். அது வீண் செலவு. பன்றிகள் வழக்கமாக நுழையும் தடங்களை நீங்கள் அறிவீர்கள். இரண்டு மூன்று தடங்களில் மட்டும் நட்டால் போதும். தடத்தைப் பார்த்தாற்போல் வைக்காமல், தடத்துக்குப் பக்கவாட்டில், விலங்கு குறுக்கே கடக்குமாறு வைக்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரம் பன்றிக்குச் சரியாக இருக்கும்.

நான்கு அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, அதற்குள்ளே மாட்யூலைச் சற்று உள்ளடங்கப் பொருத்துங்கள். மழை படாது, பக்கத்து வெளிச்சமும் இலையசைவும் மறைந்துவிடும். பின்பக்கத்தைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். எறும்பு குடியேறுவதுதான் பெருந்தொல்லை. கம்பத்தில் கிரீஸ் தடவி வையுங்கள்.

மாட்யூலில் இரண்டு திருகுகள் உள்ளன. ஒன்று தூரத்துக்கு, மற்றது ஒருமுறை தூண்டினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு. சில வினாடிகளிலிருந்து ஐந்து நிமிடம் அளவுக்கு மாற்றலாம். பாட்டரி கொடுத்ததும் முதல் ஒரு நிமிடம் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்போது ஓரிரு முறை பொய்யாக அடித்தால் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தட்டில் ஒளித்தடை ஒன்றைப் பற்றவைக்கக் காலி இடமும் விட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் பகலில் கருவி தானாக ஓய்ந்திருக்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சுற்றியுள்ள காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க இந்தக் கண் மங்கும். சித்திரை, வைகாசி முன்னிரவில் 23 அடி பார்ப்பது பாதியாகக் குறைந்தால் வியப்பில்லை. சேற்றில் புரண்டு ஈரத்தோடு வருகிற பன்றியின் மேற்புறம் குளிர்ந்திருக்கும், அதுவும் தப்பக்கூடும். பின்னிரவில் காற்று குளிர்ந்ததும் பார்வை தெளியும். இன்னொன்று: ஒரே விளக்கு, ஒரே சத்தம் என்றால் பன்றி சில நாட்களில் பழகிவிடும். எனவே, இந்தக் கருவி பன்றியை விரட்டும் என்று நினைக்காதீர்கள். விரட்டுவது நீங்கள்தான். தேவைப்படாத நேரத்தில் உங்களைத் தூங்க விட்டு, தேவைப்படும்போது எழுப்புவதே இதன் வேலை. யானை வரும் பகுதிகளில் மணி கேட்டதும் வெளியே இறங்காமல் வனத்துறையினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

ஒரு கேள்வி

இப்படி ஒரு கூட்டத்தில் பேசி முடித்ததும் நடுத்தர வயதுடைய ஒருவர் எழுந்தார். "அய்யா, விளக்குக்குப் பதிலாக அந்த ரிலேயில் வேலிக் கம்பியைக் கொடுத்துவிட்டால்? பன்றி வரும்போது மட்டும் கரண்டு பாயும், மற்ற நேரம் கம்பி சும்மா இருக்கும். ஆபத்தும் குறைவுதானே?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டவர் அல்லர். இரண்டு போகம் கடலையை இழந்தவர். அரங்கில் பலர் தலையசைத்ததையும் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தக் காவல்காரப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பன்றி எது, காற்று எது என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. அது பார்ப்பது வெப்பத்தின் அசைவு. பன்றிக்கும் அதே வெப்பம், உங்கள் நாய்க்கும் அதே வெப்பம், இரவு தண்ணீர் மடை மாற்றப் போகிற உங்கள் மகனுக்கும் அதே வெப்பம். கம்பியில் எப்போதும் கரண்டு இருந்தால் தெரிந்தவனாவது ஒதுங்கிப் போவான். நீங்கள் சொல்கிற முறையிலோ, ஆள் கிட்டே வந்தவுடன்தான் கம்பி உயிர் பெறும். தொட்டுப் பார்த்துச் 'சும்மாதான் இருக்கிறது' என்று நம்பியவனைத்தான் அது முதலில் பிடிக்கும். இதைவிடக் கொடிய பொறியை ஒருவன் திட்டமிட்டால்கூடச் செய்ய முடியாது என்றேன்.

மோட்டார் கொட்டகையிலிருந்து நேரே வேலிக்குக் கரண்டு இழுப்பது சட்டப்படி குற்றம். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிர்க் காவலுக்குப் போட்ட அப்படிப்பட்ட கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. விவசாயி கைது செய்யப்பட்டார். யானை மாண்டால் செய்தித்தாளில் வரும். வரப்பில் நடந்துபோய் உயிர்விட்ட மனிதர்களின் கதை ஊரோடு முடிந்துவிடுகிறது. சூரிய சக்தி வேலி முறையே வேறு. அதில் விட்டு விட்டு மிகக் குறுகிய துடிப்பாகத்தான் மின்சாரம் பாயும், அடிக்குமே தவிரப் பிடித்து வைக்காது. அதற்கும் 2023-இல் தமிழ்நாடு அரசு விதிகள் வகுத்திருக்கிறது. அனுமதி பெற்று, பதிவு செய்துதான் போட வேண்டும்.

கேட்டவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மணி மட்டும் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு ஆகும்?" என்றார். பாட்டரி அவரிடமே இருந்தது. மாட்யூல், ரிலே, விளக்கு, பஸ்ஸர், குழாய்த் துண்டு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கம்பிக்குத்தான் அதிகம் ஆயிற்று.

மேசை மேல் ஒரு மாட்யூலும் பாட்டரியும் இணைத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டும் மெல்லிய பாலித்தீன் உறை ஒன்றும் உள்ளன. ஒருவர் ஒருவராக வந்து, முதலில் உறையையும் பிறகு கண்ணாடியையும் முன்னே பிடித்துக்கொண்டு அதன் பின்னால் கையை அசைத்துப் பாருங்கள். பிள்ளைகளை முன்னால் விடுங்கள்.